வாடகையா, சொந்தமா?

காரின் முன்பாதி தெருவுக்குள் வந்துவிட்டது. பின்பாதி கம்பம் ரோட்டிலேயே நின்றது. அதற்குப் பின்னால் இரண்டு பஸ்ஸும் ஒரு வாழைத்தார் லாரியும் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

“மொதலாளி, இதுக்கு மேல போனா பக்கத்து வீட்டு வாசப்படி பேந்துரும்,” என்றான் டிரைவர் சுருளியாண்டி.

உள்ளே உட்கார்ந்திருந்த ராக்கப்பனுக்கு வேர்த்து ஊற்றியது. சின்னமனூரில் திராட்சைக் கமிஷன் மண்டி வைத்திருப்பவர். நேற்றுவரை சைக்கிளில் போனவர். மகள் சந்தனம்மாளுக்கு ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு பெரிய இடத்துச் சம்பந்தம் வந்திருந்தது. மச்சினன் கடிதத்திலேயே பேசி வைத்த இடம். மாப்பிள்ளை வீட்டாரின் முகம்கூட இவருக்குத் தெரியாது. வாசலில் ஒரு கார் நின்றால்தான் மதிப்பு என்று மனைவி அக்கம்மாள் ஒரே பிடியாக நின்றாள்.

தேனி கார் புரோக்கர் ஜேசுராஜ், எஸ்டேட் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன பிளஷர் காரைக் கொண்டுவந்து காட்டினார். பின்சீட்டில் ஒரு குடும்பமே படுத்துத் தூங்கலாம்.

“மாச வாடகைன்னா அறுநூறு. சொந்தமா வேணும்னா பதினாலாயிரம். ஒரு மாசம் ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்கண்ணே.”

ராக்கப்பன் வாடகைக்கு எடுத்தார். முடிவை ஊர் பண்ணிவிட்டது. சாயங்காலத்துக்குள், ‘ராக்கப்பன் கார் வாங்கிட்டார்’ என்று ஓடைப்பட்டி வரைக்கும் சேதி போனது. மறுநாள் காலையில் மண்டி வாசலில் தோட்டக்காரர்கள் கூடி நின்றார்கள்.

“எங்க பழத்த வித்துத்தானே காரு வாங்குனீக? கமிஷனக் கொறைங்க,” என்றார் சீனிச்சாமி.

ராக்கப்பன் பதறிப்போனார். “அய்யய்யோ, நான் எங்கப்பா வாங்குனேன்? வாடகைக்கு எடுத்துருக்கேன்.”

கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது.

“வாடகைக்கா? மண்டி நொடிச்சுப் போச்சா? அப்ப எங்க பாக்கிய இன்னைக்கே குடுங்க.”

“சும்மா சொன்னேம்ப்பா! சொந்தக் காருதான்! சொந்தம்!” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார் ராக்கப்பன்.

அது தெருவோடு நிற்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஜேசுராஜ் மூச்சிரைக்க வந்து நின்றார்.

“அண்ணே, சொந்தம்னு எதுக்குச் சொன்னீக? மதுரையில இன்கம்டாக்ஸ் ஆபீசர் காதுக்குப் போயிருச்சு. இந்த வாரத்துல வருவாராம். வந்தா வாடகைன்னே சொல்லுங்க.”



“சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரவுக வாராகளே!” என்றாள் அக்கம்மாள். “அவுககிட்ட வாடகைன்னா மானம் போயிரும்.”

“ஆபீசருக்கு வாடகை, சம்பந்திக்குச் சொந்தம். இதுல என்னக்கா கஷ்டம்?” என்றார் ஜேசுராஜ்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, பேண்ட்டும் வெள்ளைச் சட்டையும் போட்ட ஒருவர், கையில் தோல் பையோடு தனியாக வந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா. வாசலில் நின்று காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

ராக்கப்பன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ‘ஆபீசர் வந்துட்டாருடா!’

“வணக்கம். நான் வந்து...”

“தெரியும் சார், எல்லாம் தெரியும். உக்காருங்க.”

வந்தவர் கூச்சத்தோடு உட்கார்ந்தார். “காரு ஒங்களதுதானா?”

“வாடகை சார். அதுக்கே இன்னும் பணம் கட்டல.”

“ஓடைப்பட்டியில திராட்சைத் தோட்டம் இருக்கிறதாச் சொன்னாக...”

“குத்தகை சார். போன மழையில அதுவும் போச்சு. இந்த வீடு ஒத்தி. என் வீட்டுக்காரி கழுத்துல கெடக்கே, அது கவரிங்.”

கதவோரம் நின்ற அக்கம்மாள் அதிர்ந்துபோய்ச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள். வந்தவரின் முகம் வெளுத்துவிட்டது. காப்பியைத் தொடவில்லை. “வாரேங்க” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று ஆண்டிபட்டி பஸ் நிற்கிற பக்கம் நடந்தார்.

“பாத்தியா? ஒரே போடு! இனிமே இந்தத் தெருப்பக்கம் தலவச்சுப் படுக்க மாட்டாரு,” என்று துண்டை உதறினார் ராக்கப்பன்.

மத்தியானம் ஒரு டாக்ஸி வந்து நின்றது. பட்டு வேட்டியில் ஒருவரும், பட்டுச்சேலையில் ஓர் அம்மாளும் இறங்கினார்கள். அம்மாளின் கையில் தேங்காய், பழம், பூ வைத்த தட்டு.

“குச்சனூருக்குச் சாமி கும்பிட வந்தோம். அப்படியே ஒங்களையும் பாத்துட்டுப் போகலாம்னு...” என்று தொடங்கினார் அவர்.

“ஒங்களத்தான் காலையில இருந்து எதிர்பாத்துக்கிட்டு இருக்கோம். வாங்க, வாங்க!”

“எங்களையா?” அவர் திகைத்தார். பிறகு வெளியே கைகாட்டி, “காரு ரொம்பப் பெருசா இருக்கே. சொந்தமா?” என்றார்.

“பின்ன? வாடகைக் காருல போற வம்சமா இது? ரொக்கமாக் குடுத்து வாங்குனது. அடுத்த மாசம் இன்னொண்ணு வருது.”

“அப்படியா! வருமானம் அவ்வளவு வருதா?”

“வெளிய தெரியறது காலே அரைக்கால்தான். தோட்டம் ரெண்டு இவ பேருல. தேனியில வீடு மச்சினன் பேருல. நகை எம்பது பவுனு.”

அக்கம்மாளும் தன் பங்குக்கு, “குதிருக்கு அடியில இருக்கிறதச் சொல்லலையே!” என்றாள். உண்மையில் குதிருக்கு அடியில் எலிப்பொறிதான் இருந்தது.

வந்தவர் ஒவ்வொன்றையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டார். சந்தனம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, இருவர் காலிலும் விழுந்து கும்பிட்டாள். அந்த அம்மாள் பதறி எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் தட்டிலிருந்த பூவை எடுத்துக் கொடுத்தாள்.

பூவே வந்துவிட்டது! ராக்கப்பனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. “அப்ப... நாள் குறிச்சுரலாங்களா?”

“குறிச்சுரலாமே,” என்று அவர் டைரியை எடுத்தார். “திங்கக்கிழமை பத்து மணிக்கு மதுரைக்கு வந்துருங்க. இப்பச் சொன்னதுக்கெல்லாம் பத்திரம் இருக்கும்ல, கையோட கொண்டாந்துருங்க.”

“பத்திரம் எதுக்குங்க?” என்றார் ராக்கப்பன்.

அதற்குள் அந்த அம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள். “ஏங்க, இருவது வருசமா இன்கம்டாக்ஸ் ஆபீசரா இருக்கீக, இப்படிக் காப்பியும் குடுத்து, காலுலயும் விழுந்து, அம்புட்டுச் சொத்தையும் தானா ஒத்துக்கிட்ட குடும்பத்த எங்கனயாச்சும் பாத்திருக்கீகளா?”