எட்டு சிலிண்டர் அண்ணன் சொன்ன ஆறு சிலிண்டர் கார்

காரைப் பற்றிப் பேச எட்டு சிலிண்டர் அண்ணனை விட்டால் இந்த உலகத்தில் ஆளே கிடையாது. தண்டலம் கூட்ரோட்டில் சைக்கிளுக்குப் பங்சர் ஒட்டுவதுதான் அவர் தொழில். ஆனால் பெங்களூர் ரோட்டில் பெரிய கார் போனால் சத்தத்தை வைத்தே எத்தனை சிலிண்டர் என்று சொல்லிவிடுவார். எட்டு என்றால் எழுந்து நிற்பார். ஆறு என்றால் நீட்டிய காலை மடக்கவும் மாட்டார்.

என் கல்யாண ஊர்வலத்துக்குக் கார் தேடினோம். அக்கா கல்யாணத்தில் கார் பாதி வழியில் நின்று, தள்ளிக்கொண்டு போனார்கள். "தள்ளிவுட்டு வந்தவ" என்று அவள் மாமியார் இன்றுவரை குத்துகிறாளே என்று அப்பாவுக்குக் கவலை. எனக்கு அதைவிடப் பயம். வெளியே சொல்ல வெட்கம்.

இரண்டு பேர் இரவல் தர முன்வந்தார்கள். இரண்டும் சீமைக் கார். ரைஸ்மில்காரருடைய கறுப்புக் கார் எட்டு சிலிண்டர், காலடி வைத்து அளந்தால் இருபது காலடி. லாரியை ஊதித் தள்ளிவிட்டுப் போகும். கான்ட்ராக்டருடைய பச்சைக் கார் ஆறு சிலிண்டர், பதினெட்டுக் காலடி. ஊரே கறுப்பு என்றது.

அண்ணன் பரீட்சை வைத்தார். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் முன்னால் ஒரு மாட்டுவண்டி, பின்னால் கார். வண்டியை இடிக்கவும் கூடாது, நிற்கவும் கூடாது. எல்லோரும் எது வேகம் என்று பார்ப்பார்கள், இவர் ஊர்வலத்து மேளத்துக்குப் பின்னால் எது மெதுவாகப் போகும் என்று பார்த்தார். கறுப்பு நாலு தரம் குதித்து, வண்டி வைக்கோலில் மூஞ்சியைப் புதைத்தது. பச்சை, மாட்டுக்குக் கூடப்பிறந்த தம்பி போலப் பின்னாலேயே போனது.

"ஆறுதான் பெரிப்பா" என்றார் அண்ணன்.

அப்பா ஆடிப்போனார். "டேய், உன் பேரு இன்னா ஆவறது?"

"பேரு போனா போவட்டும். பாப்பா வண்டி நிக்கக் கூடாது."

ஊர்வலம் கிளம்பியது. மாப்பிள்ளை பக்கத்தில் நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். அண்ணன் பரீட்சையில் ஒன்றை மறந்திருந்தார். மாடு நடந்துகொண்டே இருக்கும், மேளம் அப்படியா? தெருமுனைக்குத் தெருமுனை நின்றது. நாயனக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு ராகத்தைப் பிடித்தால் விடவே இல்லை. பானட்டில் ஆவி வந்தது. அண்ணன் ஜன்னலோரம் குனிந்தார்.

"பாப்பா, வண்டி கொதிக்குது. ஓடினா காத்து பட்டு ஆறிடும். யாராண்டையும் சொல்லாத."

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அண்ணன் ஓடிப்போய், தூக்கிக்கொண்டு நின்ற ஆளிடமிருந்து காஸ் லைட்டைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்தார். வெளிச்சம் போனால் மேளம் இருட்டில் நிற்குமா? நாயனம், தவில், ஜனம் எல்லாம் பின்னால் ஓட, பச்சைக் காரும் ஓடியது. தள்ளாமல், நிற்காமல் மாமியார் வீட்டு வாசலில் இறங்கினேன்.

அண்ணன் லைட்டை இறக்கிவைத்துவிட்டு வேர்த்து விறுவிறுத்து ஓரமாக நின்றார். உள்ளே பந்தி நடந்தது. புதுப்பெண், வெட்கம், வாய் வரவில்லை. அன்றைக்குக் கேட்காததை இப்போது கேட்கிறேன்: சாப்ட்டியாண்ணே?