மாப்பிள்ளைத்தண்ணியும் ஆருசொன்ன டெயிலரும்

ஒருவருடைய பதினொரு கொப்பிகளைப் பார்த்து எழுதி, அதை என்னுடைய ஆய்வு என்று கொடுத்து, முதுமாணிப் பட்டம் வாங்கியவன் நான். அந்தப் பட்டத்தால் பாடசாலை அதிபரானேன். கொப்பிகளின் சொந்தக்காரர் ஒரு டெயிலர். கிழக்கிலங்கையில் கல்முனையிலிருந்து பொத்துவில் வரை சல்லடை போட்டுத் தேடினாலும், பிறர் சொன்ன ஒரு சொல்லைக்கூடத் தன் சொல்லாகச் சொல்லாத மனிதர் அவர் ஒருவரைத்தான் கண்டிருப்பீர்கள். களவெடுப்பதற்கு எனக்குக் கிடைத்ததும் அவர்தான்.

அவருக்கு அடையாள அட்டையில் ஒரு பெயர் இருந்திருக்கும். ஊருக்கு அவர் 'ஆருசொன்ன டெயிலர்'. நேரில் கூப்பிடும்போது காக்கா, அதாவது அண்ணன். மீன் சந்தைக்குப் போகும் ஒழுங்கையில் ஒரு தையல் மெசின், ஒரு கண்ணாடி, ஒரு வாங்கு, இவ்வளவுதான் கடை. யார் வந்து எதைச் சொன்னாலும் மெசினை நிறுத்திவிட்டு, "ஆரு சொன்ன?" என்று கேட்பார்.

"அறுக்குளா மீன் விலை இறங்கிட்டாம் காக்கா."

"ஆரு சொன்ன?"

"நம்மட ஐஸ்காரன்."

"ஐஸ்காரனுக்கு ஆரு சொன்ன?"

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் தைக்கக் கொடுத்த சேட்டை நாளைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

சின்ன வயதில் இரண்டு வருடம் மத்ரசாவில் ஓதியவர். அங்கே ஹதீஸ் படிப்பிக்கும்போது, ஒரு செய்தியை இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார், அவரிடமிருந்து இன்னார் கேட்டார் என்று அறிவிப்பாளர் வரிசையைச் சொல்லிக் கொடுப்பார்கள். வரிசையில் ஒருவர் நம்பத்தகாதவரென்றால் அந்தச் செய்தி பலவீனமானது. மற்றப் பிள்ளைகள் அதை ஹதீசோடு விட்டுவிட்டார்கள். இவர் மீன் விலைக்கும் பொருத்திப் பார்த்தார்.

ஒரு முறை பக்கத்து வீட்டுக்குக் கலியாணம் பேசி வந்தார்கள். தரகர் வாங்கில் உட்கார்ந்து, "மாப்பிள்ள தங்கமான பொடியன்" என்றார். டெயிலர் மெசினை நிறுத்தினார். தரகருக்குச் சொன்னவர் ஒரு கடைக்காரர், கடைக்காரருக்குச் சொன்னவர் ஒரு ராத்தா, அந்த ராத்தாவுக்குச் சொன்னவர் மாப்பிள்ளையின் உம்மா. "வரிசை உம்மாவில போய் முட்டுது. பலவீனம்" என்றார். கலியாணம் நின்றது. தரகர் அதற்குப் பிறகு அந்த ஒழுங்கையால் போகவே இல்லை, மீன் வாங்கக்கூட.

சுனாமிக்குப் பிறகு மாதம் ஒரு தடவையாவது 'கடல் வருது' என்று ஊர் ஓடும். ஒரு நாள் நானும் ஓடினேன். பக்கத்தில் டெயிலர், கழுத்தில் அளவு நாடாவோடு ஓடிக்கொண்டே எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு வருகிறார். ஒருவர் மூச்சிரைக்க ஏசினார்: "உசிர் போற நேரத்திலயும் என்ன மனுசன்டா இவன்!"

"ஓட வேணாமெண்டு நான் சொல்லல்லயே. ஓடி ஓடிச் சொல்லுங்க, ஆரு சொன்ன?"

பிரதான வீதிக்குப் போய்ச் சேரும்போது வரிசையைப் பிடித்துவிட்டார். யாரோ ஒருவர் வீட்டில் தண்ணீர்த் தாங்கி நிரம்பி வழிந்திருந்தது.

இப்படிப்பட்டவர் வருகிறவர்களிடமெல்லாம் சொற்களைக் கேட்டு எழுதிவந்தார். சம்மாந்துறையிலிருந்து வயல்காரர்கள், கடற்கரையிலிருந்து தோணிக்காரர்கள், காரைதீவிலிருந்தும் பாண்டிருப்பிலிருந்தும் தமிழ் ஆக்கள், எல்லோரும் அவரிடம் தைத்தார்கள். அளவெடுக்கும்போதே கேட்பார். "உங்கட வயல்ல இதுக்கு என்ன சொல்ற?" சொன்னதை அளவுக்கொப்பியிலேயே எழுதுவார். ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் சொன்னவரின் பெயர், ஊர், அவருக்குச் சொன்னவர், மார்பு, இடுப்பு, கழுத்து. கடைசியில் தன் குறிப்பு: 'நம்பலாம்', 'கொஞ்சம் கூட்டிச் சொல்வார்', 'பலவீனம்'. கழுத்தை அளக்கும்போது மட்டும் ஒன்றும் கேட்க மாட்டார். நாடாவுக்கும் கழுத்துக்கும் இடையில் தன் விரல் ஒன்றை வைத்து, மூச்சு முட்டாமல் அளப்பதில் கவனமாக இருப்பார்.

அப்போது நான் முதுமாணிக்குப் பதிந்துவிட்டு, ஆய்வுக்கு விஷயமில்லாமல் அலைந்துகொண்டிருந்தேன். களிசான் தைக்கப் போன இடத்தில் அந்தக் கொப்பிகளைக் கண்டேன். "காக்கா, இதை அச்சுக்கு ஆயத்தம் செய்யலாமே" என்று சொல்லி வாங்கினேன். அது பொய்யல்ல. அச்சாகத்தான் செய்தது.

மூன்று மாதத்தில் எழுதி முடித்தேன். சொற்களை எடுத்துக்கொண்டு பெயர்களையும் குறிப்புகளையும் விட்டுவிட்டேன். ஒரு பல்கலைக்கழக ஆய்வில் ஒரு தோணிக்காரரின் இடுப்பளவு இருந்தால் சிரிப்பார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். இடுப்பை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எழுதியிருக்கலாம். அது என் புத்திக்கு எட்டாமல் இல்லை.

அந்தச் சொற்களில் ஒன்று மாப்பிள்ளைத்தண்ணி. வாய்க்காலைத் திறந்ததும் முதலில் வந்து, வடிந்து போகாமல் வயலிலேயே தங்கிவிடும் தண்ணீர் என்று பொருள். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டில் போய்க் குடியிருப்பதுதான் வழக்கம். எனக்கு உடம்பு புல்லரித்தது. மணவழக்கம் நீர்ப்பாசனச் சொற்களில் எப்படிப் பிரதிபலிக்கிறது என்று ஏழு பக்கம் எழுதினேன். மொத்த ஆய்வில் நானே எழுதிய பகுதி அதுதான். பரீட்சகர் அதற்குக் கீழே 'சுயமான சிந்தனை' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார்.

கொப்பிகளைத் திருப்பிக் கொடுத்தேன். ஆய்வு புத்தகமானது. வெளியீட்டு விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். பேசியவர்களில் ஒருவர் என் முன்னுரையையே தன் உரையாக வாசித்தார். அதற்கும் நான் கை தட்டினேன். டெயிலர் கடைசி வரிசையில் உட்கார்ந்து புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வந்தார்.

"சேர், இந்த மாப்பிள்ளைத்தண்ணி. இது ஆரு சொன்ன?"

"அது பொதுவா எல்லாரும் சொல்றதுதானே காக்கா."

"எல்லாருமெண்டா ஆரு?"

நான் படம் எடுப்பவர் பக்கம் திரும்பிக்கொண்டேன். டெயிலர் என் முதுகுப் பக்கமாக நின்று மெதுவாகச் சொன்னார்.

"சம்மாந்துற உழவு மெசின்காரன் மருமகனோட சண்ட பிடிச்சிட்டு வந்து சொன்ன பகிடி சேர் அது. வந்தவன் போறானில்ல, வயல்ல நிக்கிற தண்ணி மாதிரி எண்டு. 'பலவீனம், வேற ஒருத்தரும் சொல்லல்ல' எண்டு பக்கத்திலயே எழுதி வெச்சிருந்தனே. நீங்க காணல்லயா?"

கண்டேன். அதையும் விட்டுவிட்டுத்தான் எழுதினேன். பதினொரு கொப்பிகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு பகிடி உண்மையாகிவிட்டதே என்பதுதான் அவருக்குக் கவலை. அன்றிலிருந்து அந்த ஒழுங்கைக்குப் போவதை நிறுத்தினேன். அதன் பிறகு எனக்கு ரெடிமேட் சேட்டுத்தான். இத்தனை வருடத்தில் ஒன்றுகூடக் கழுத்துக்குச் சரியாக அமைந்ததில்லை.

போன வருடம், நான் ஓய்வுபெற்று நெடுநாள் ஆன பிறகு, ஒரு தாய் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மகளின் பெயர் ஷிஃபா. பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம்.

"சேர், எங்கட புள்ள கள்ளியாம். கம்பியூட்டர் சொல்லிச்சாம்" என்றார் தாய்.

ஷிஃபா தன் ஆய்வில் என் புத்தகத்தின் ஏழு பக்கத்தையும் அப்படியே எழுதியிருந்தாள். அதே ஏழு பக்கம். 'விவசாயிகளை நேரில் சந்தித்துக் கேட்டறிந்தேன்' என்று ஒரு வரி மட்டும் அவளுடையது. ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் பக்கம் முழுவதையும் சிவப்பாக்கிவிட்டது. நேர்முகப் பரீட்சையில் இருந்த விரிவுரையாளர் தம்பிலுவில் பக்கத்து வயல்கார வீட்டுப் பெண்.

"'எங்கட அப்பா நாப்பது வருசமா வயல் செய்யிறார், இப்படி ஒரு தண்ணிய அவர் அறியார். இது உமக்கு ஆர் சொன்னது?' எண்டு கேட்டாங்க சேர்" என்றாள் ஷிஃபா.

"புத்தகத்தின் பெயரை ஏன் போடவில்லை?" என்று கேட்டேன். கேட்கும்போது என் குரல் எனக்கே வெட்கமாக இருந்தது.

"போடத்தான் நினைச்ச சேர். முதல்ல கொப்பியில பார்த்து எழுதின. ஆர்ர புத்தகமெண்டு பக்கத்தில குறிக்கல்ல. பிறகு எது உங்கட, எது என்ட எண்டு எனக்கே தெரியாமப் போயிட்டு. பிறகு... நேரமும் இல்ல."

தாய் குறுக்கிட்டார். "உங்கட புத்தகம்தானே சேர். நான்தான் எழுதச் சொன்ன எண்டு ஒரு கடிதம் தாங்க. விட்டுருவாங்க."

என் புத்தகம்தானே. இரண்டு நாள் அந்தச் சொல்லோடு இருந்தேன். மூன்றாம் நாள் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினேன். இந்தப் பக்கங்களை நான் இந்த மாணவிக்குக் கொடுக்கவில்லை. இதற்கு ஆதாரமான சொற்களும் என்னுடையவையல்ல, ஒரு டெயிலரிடமிருந்து எடுத்தவை. பிள்ளையைத் தண்டித்தால் என்னையும் தண்டியுங்கள், பட்டத்தைத் திருப்பி எடுங்கள் என்று எழுதினேன்.

என் கடிதத்தின் முதல் வரியை மட்டும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நூலாசிரியரே உறுதிப்படுத்திவிட்டார் என்று ஷிஃபாவின் ஆய்வை இரத்துச் செய்தார்கள். ஒரு வருடம் பிந்தித்தான் பட்டம். எனக்கு இரண்டு வரியில் பதில் வந்தது, கடிதம் கிடைத்ததாம். பட்டம் இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. ஓய்வூதியமும் மாதாமாதம் வருகிறது.

ஷிஃபாவின் உம்மாவைச் சந்தையில் கண்டேன். "நீங்க தௌபா செஞ்சி உங்கட பாவத்தக் கழுவிட்டீங்க சேர். அதுக்கு எங்கட புள்ளட ஒரு வருசம் போச்சு" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைப்பதில்லை. கதைக்கத் தேவையுமில்லை.

அதன் பிறகுதான் அந்த ஒழுங்கைக்குப் போனேன். வாங்கு அப்படியே இருந்தது. மனிதருக்குக் கண் மங்கிவிட்டது, ஊசியில் நூல் கோர்க்க ஆள் வேண்டும்.

"காக்கா, நான் உங்கட கொப்பியக் களவெடுத்த."

"ஆரு சொன்ன?"

"நான்தான் சொல்றன்."

"ம்ம்" என்றார். கொஞ்ச நேரம் மெசினை மிதித்தார். பிறகு நிறுத்தினார். "போன கிழம ஒரு வயல்காரர் வந்த சேர். மாப்பிள்ளைத்தண்ணி நிக்குது, வடியுதில்ல எண்டாரு. ஆரு சொன்னண்டு கேட்ட. புத்தகத்தில இரிக்காம். இனி என்ன செய்ய? அது சொல்லாகிட்டு."

புத்தகத்தைத் திருத்திப் போட வேண்டும், கொப்பிகளைத் தாருங்கள் என்றேன். வீட்டுக்குத் தர மாட்டார். அதுவும் நியாயம்தான். கடையில் அவர் கண்முன்னே உட்கார்ந்து எழுத வேண்டும். "பேர முதல்ல எழுதுங்க. சொல்லப் பிறகு எழுதுங்க. சொல் ஓடாது சேர், பேர்தான் ஓடிரும்."

எழுபது வயதுக்குப் பிறகு வாங்கில் உட்கார்ந்து அதைப் படித்தேன். இருபது வயதில் படித்திருந்தால் ஷிஃபாவுக்கு ஒரு வருடம் மிஞ்சியிருக்கும். குறிப்பு எடுக்கும் அந்த நிமிடத்திலேயே யாருடையது, எந்தப் பக்கம் என்று எழுதுவதற்கு அரை நிமிடம் போதும். பிறர் வசனத்தை அப்படியே எடுத்தால் அப்போதே இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டுவிட வேண்டும், வீட்டுக்குப் போய்ப் போடலாம் என்றால் போட மாட்டோம். சொந்த வசனத்தில் எழுதுவதென்றால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுத வேண்டும். திறந்து வைத்துக்கொண்டு நாலு சொல்லை மாற்றுவது களவெடுத்த சைக்கிளுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. அப்படி எழுதினாலும் யாருடைய கருத்து என்று சொல்லத்தான் வேண்டும். யார் சொன்னதென்று தெரியாவிட்டால், தெரியாது என்று எழுதலாம். டெயிலரின் கொப்பியில் அப்படி எழுதிய இடங்கள் நிறைய உண்டு.

திருத்திய பதிப்பு வந்தது. அட்டையில் அவர் பெயரைப் போட்டேன். "நான் சொன்னதில்லயே சேர், கேட்டதுதானே" என்று சண்டை பிடித்து, 'கேட்டு எழுதியவர்' என்று போட வைத்தார். உள்ளே ஒவ்வொரு சொல்லுக்கும் சொன்னவர் பெயர் உண்டு. மாப்பிள்ளைத்தண்ணிக்குப் பக்கத்தில் 'பலவீனம்' உண்டு. பிரதிகள் பெரும்பாலும் என் வீட்டு அலுமாரியில் இருக்கின்றன. பிள்ளைகள் பழைய புத்தகத்தைத்தான் போனிலிருந்து போனுக்கு அனுப்பிக்கொள்கிறார்கள்.

கடைசிக் கொப்பியை எழுதிக்கொண்டிருந்த நாளில் என் பெயரைக் கண்டேன். சட்டியின் அடியில் பிடித்த சோற்றைக் காந்தல் என்று என் உம்மா சொல்லுவார். எப்போதோ சேட்டுக்கு அளவு கொடுக்கும்போது அதைச் சொல்லியிருக்கிறேன். முன்பு பார்த்து எழுதியபோது, தெரிந்த சொல்தானே என்று அந்தப் பக்கத்தை வாசிக்காமலே தாண்டியிருக்கிறேன். 'சொன்னவர்: சேர். அவருக்குச் சொன்னவர்: அவருடைய உம்மா. கழுத்து பதினாலரை. நம்பலாம். பொய் சொல்லத் தெரியாத ஆள்.'

எழுத்து மறைந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"காக்கா, இந்தக் குறிப்ப வெட்டுங்க."

கொப்பியை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தார். "இத வெட்ட ஏலா சேர். இது அண்டைக்கு அளந்த அளவு. உடம்பு மாறிட்டெண்டா புதுசா அளக்கலாம். எழும்பி நில்லுங்க."

எழுந்து நின்றேன். கண் சரியாகத் தெரியாததால் என் தோளைத் தடவிக் கழுத்தைக் கண்டுபிடித்தார். நாடாவைச் சுற்றினார். இந்த முறை இறுக்கிப் பிடித்தாலும் எனக்குச் சம்மதம்தான். அவர் தன் விரலை உள்ளே வைத்துத்தான் அளந்தார்.