நான்காவது பெயர், கால் வீக்கம்

ஒவ்வொரு ஆங்கிலிக்கன் சபையிலும் பட்டியல்காரர் என்றொரு ஜீவன் உண்டு. ஆலயம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தால் என்ன, வங்கிக்குப் பின்னால் இருந்தால் என்ன, இவர் இல்லாமல் ஞாயிறு ஆராதனை நகராது. போதகர்கள் மாறுவார்கள். இவர் மாறமாட்டார். நோயாளிகளுக்கான ஜெபம் வந்ததும் முன்வரிசையிலிருந்து எழுந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து, மைக்கை இரண்டு தட்டு தட்டி, கோடு போட்ட நோட்டைப் பைபிளைவிடப் பயபக்தியோடு திறந்து, யார் யாருக்கு என்னென்ன நோய் என்று குரல் தழுதழுக்க வாசிப்பார்.

சேர்ப்பார். எடுக்கமாட்டார்.

எடுக்க ஒரு விதி வைத்திருக்கிறார்: பெயரை யார் கொடுத்தாரோ அவரே எழுதித் தர வேண்டும். யார் தருவார்? வாரந்தோறும் நூறு பேர் காதில் விழும் தன் பெயரை விட்டுக்கொடுக்க யாருக்கு மனம் வரும்? ஆறு வருடங்களுக்கு முன் கணுக்கால் பிசகிய பாடகர் குழுத் தலைவி இன்றும் பட்டியலில் இருக்கிறார். குதிகால் உயர்ந்த செருப்போடு அவர் படியேறும் வேகத்தைப் பார்த்தால் ஜெபத்தின் வல்லமையில் யாருக்கும் சந்தேகமே வராது.

இந்தச் சபையில்தான் நம் கதையின் லிஃப்ட் இன்ஜினியரும் இருக்கிறாள். அவளுடைய அப்பா பட்டியலில் நான்காவது. 'கால் வீக்கம்' என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தார். பிறகு மாரடைப்பில் போய்விட்டார். சவப்பெட்டியின் இடது முனையைத் தோளில் சுமந்தது யார்? பட்டியல்காரர். அடுத்த ஞாயிறு, அந்தக் கால் வீக்கம் சீக்கிரம் வடிந்து அவர் எழுந்து நடமாட வேண்டுமென்று உருகி வேண்டிக்கொண்டது யார்? அவரேதான். சபை 'ஆமென்' என்றது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தன் பெயர் வரும் இடத்தைத் தவிர மற்றதை யார் கேட்கிறார்கள்?

ஏழு வாரம் பொறுத்தாள். எட்டாவது வாரம், ஆராதனை முடிந்து ஹாலில் டீ குடித்துக்கொண்டிருந்தவரைப் பிடித்தாள்.

"அங்கிள், அப்பா பேரை எடுத்துடுங்க."

"எடுத்துடலாம்மா. அவருதானே கொடுத்தாரு? அவரையே ஒரு வரி எழுதி..." என்றவர், டீயை ஊதத் தொடங்கினார்.

"அவர் எப்படி அங்கிள் எழுதுவாரு?"

"அதான் சிக்கலே."

"நீங்கதானே பெட்டியத் தூக்கினீங்க?"

"தூக்கினேனே! இன்னும் தோள் வலி போகலைம்மா. இருபத்திரெண்டாவதா என் பேரையும் சேர்த்திருக்கேன், கவனிக்கலையா?"

மகள் என்ற முறையில் அவளே எழுதித் தரலாம் என்று கடைசியில் இறங்கி வந்தார். லிஃப்ட் பழுதுக் குறிப்பு எழுதுகிற அதே பேனாவால் எழுதினாள்: 'பெயரை நீக்கவும். காரணம்: இறந்துவிட்டார்.' தேதி. கையெழுத்து.

"இறந்தவங்க நோட்டுக்கு மாத்திடறேன்மா. அதை வருஷத்துக்கு ஒரு தடவை வாசிப்போம்."

"சரி அங்கிள்."

அந்த 'ஒரு தடவை' அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மூன்றாவது பெயர் வந்தது, சர்க்கரை நோய். அதை அடுத்து, இதுவரை ஐந்தாவதாக இருந்த முழங்கால் வலி வந்தது. நடுவில் குரல் தடுமாறவில்லை. யாரும் அழைக்காத தளத்தை லிஃப்ட் இப்படித்தான் கடந்து போகும். அப்படிப் போகும்படி எத்தனையோ கட்டடங்களில் அவளே அமைத்துக் கொடுத்திருக்கிறாள். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். போன வாரம்வரை ஒரு மனிதர் மைக்கில் அப்பாவின் பெயரைச் சத்தமாகச் சொன்னார். அவர் எழுந்து நடக்க வேண்டுமென்று நூறு பேர் ஆமென் போட்டார்கள். அதைக் கையெழுத்துப் போட்டு நிறுத்தியது அவள்.

வாசலில் அவரே எதிர்ப்பட்டார்.

"எடுத்துட்டேன்மா, கவனிச்சியா?"

"கவனிச்சேன் அங்கிள். திரும்பச் சேர்க்கணும்னா?"

எடுக்கச் சொன்னால்தான் அவருக்கு விதி ஞாபகம் வரும். சேர்க்கச் சொன்னால் பேனா மூடி தானாகத் திறந்துகொள்ளும். நோட்டை விரித்தார்.

"யாரை?"

"அப்பாவை."

பேனா ஒரு கணம் நின்றது.

"என்ன நோய்னு போட?"

"கால் வீக்கம்."

தலை நிமிராமல் எழுதினார். "கடைசிலதான் வரும்மா. இப்ப இருபத்திரெண்டாவது. என் தோளுக்கு அடுத்து. பரவாயில்லையா?"

"பரவாயில்லை அங்கிள்."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், உங்கள் அலுவலகத்தில் 'அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும்' என்ற கட்டத்தில் யார் பெயர் இருக்கிறது, அவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று போய்ப் பாருங்கள். வருடா வருடம் அந்தத் தாள் உங்களிடம் வருகிறது. வருடா வருடம் 'மாற்றம் இல்லை' என்று கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்கிறீர்கள்.

கோட்டும் மைக்கும்தான் உங்களுக்குப் பாக்கி.