கண்ணுக்குள் அம்பு போடுகிறவர்

அடுத்தவர் கண்ணுக்குள் உட்கார்ந்துகொண்டு வேலை வாங்குகிற ஓர் இனம் உண்டு, தெரியுமா உங்களுக்கு? தெரியாவிட்டால், இதோ ராட்டர்டாம் ரூட்கர். பின்லாந்துத் தீவுகளுக்குப் போகும் கார்ப் படகுகளில் எது மக்கர் செய்தாலும், அங்கே பழுது பார்ப்பவர் ஏ.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொள்வார், அவர் பார்ப்பதையெல்லாம் இவர் ராட்டர்டாமில் நாற்காலியில் சாய்ந்தபடி திரையில் பார்த்து, விரலால் அம்பு போடுவார், அம்பு அங்கே அவர் கண்முன்னால் அந்தரத்தில் பச்சையாக நிற்கும். ஒன்றோடு விடுவாரா? விடமாட்டார்.

அவரைக் குறை சொல்வதற்குமில்லை. பழுது பார்ப்பவர்களில் பெக்கா என்றொருவருக்கு இடது வலது குழம்பும். அம்பு இல்லாமல் ஒரு திருகைத் தொடமாட்டார். அவருக்கு ரூட்கர் தெய்வம். அதே வேலை பார்க்கும் டூலிக்கி வேறு ரகம். யோசிக்கும்போது பேசமாட்டாள். ரூட்கருக்கோ, எதிராளி பேசவில்லை என்றால் புரியவில்லை என்று அர்த்தம்.

யுஹான்னுஸ் என்கிற நடுக்கோடைத் திருநாளுக்குத் தீவுக்குப் போகும் கடைசிப் படகில், கார்கள் ஏறும் இரும்புப் பலகை மூட மறுத்தது. மூடாமல் படகு நகராது. நகராவிட்டால் அத்தனை பேருக்கும் சவ்னா என்னும் நீராவிக் குளியலும் இல்லை, கரையில் தீ மூட்டலும் இல்லை. டூலிக்கியின் மகளும் அக்கரையில்தான் காத்திருந்தாள்.

டூலிக்கி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். பேசவில்லை.

"ஏம்மா, கேக்குதா? சிவப்புக் குமிழ் இருக்கு பாரு, அத அழுத்து!" என்றார் ரூட்கர். ஓர் அம்பு.

அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. யோசித்தாள்.

"புரியலையா? இதோ!" இன்னோர் அம்பு, ஒரு வட்டம், ஓர் அடிக்கோடு, வட்டத்தைச் சுற்றி ஒரு வட்டம். சற்று நேரத்தில் கீல் தெரியவில்லை, பலகை தெரியவில்லை, கடலே தெரியவில்லை.

"என்னம்மா, கிளம்பலாமா?" என்றார் கேப்டன் எஸ்கோ.

"மொதல்ல எனக்குக் கண்ணு தெரியட்டும்."

கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்துக் காரின் பானட்மேல் வைத்தாள். அங்கே யாரோ காற்றாட வைத்திருந்த ஸ்ட்ராபெரி கேக் கண்ணாடிக்கு நேர் எதிரே இருந்தது. ரூட்கர் திரையில் வந்த படத்தையா பார்த்தார்? தன் அம்புகளைத்தானே!

"அதேதான்! அந்தச் சிவப்புக் குமிழ்! நல்லா அழுத்து!" என்று கண்ணாடியிலிருந்து அவர் குரல் வந்தது.

"யோவ், யாருய்யா அது, என் கேக்க அழுத்தச் சொல்றது?" என்று காருக்குள்ளிருந்து ஒரு குரல் சீறியது.

அதற்குள் டூலிக்கி கண்டுபிடித்துவிட்டாள். திருநாளுக்கு வாசலில் வைக்க யாரோ கொண்டுபோன பிர்ச் மரக்கிளை, கீலில் சிக்கிக்கொண்டிருந்தது. பிடுங்கினாள். பலகை மூடிக்கொண்டது. யாரும் கைதட்டவில்லை, எஸ்கோ தலையை லேசாக ஆட்டினார். அந்த ஊரில் அது பொன்னாடை போர்த்திய மாதிரி.

"நான் சொன்னேன்ல?" என்றார் ரூட்கர், கேக்குக்கு எதிரிலிருந்து.

டூலிக்கி பேசவில்லை.

"புரியலையா?" என்று புதிதாக ஓர் அம்பை எடுத்தார் ரூட்கர்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் அம்புகளுக்கு நடுவே அவள் ஒன்றும் தெரியாமல் நின்றபோது, 'அந்தக் கண்ணாடியைக் கழற்றித் தொலையேன்' என்று மனசுக்குள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தீர்களா, இல்லையா? அது யார் போட்ட அம்பு?