ஓடுகிற வண்டியைக் கழற்றும் இனம்

கெட்டுப்போன பொருளைச் சரிசெய்கிறவர்கள் உலகத்தில் உண்டு. அவர்களுக்குக் கடை, பெயர்ப்பலகை, கை துடைக்க அழுக்குத் துணி எல்லாம் இருக்கும். நல்ல பொருளைக் கெடுக்கிறவர்களும் உண்டு. பெரும்பாலும் மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள். இந்த இரண்டுக்கும் நடுவே இன்னொரு இனம் வாழ்கிறது. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் எதைப் பார்த்தாலும் இவர்களுக்கு மனசு பொறுக்காது. "நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்று ஆரம்பிப்பார்கள். அந்த 'ஆனா' காதில் விழுந்ததும் வீட்டில் உள்ளவர்கள் விலை உயர்ந்த சாமான்களை எடுத்து உள்ளே வைத்துவிடுவது நல்லது.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். காற்று நன்றாக வரும் மின்விசிறியின் இறக்கையை இன்னும் கொஞ்சம் வளைத்துப் புழுக்கத்தில் படுத்தவர்கள், அரை மணி நேரத்தில் மாவு ஆட்டும் கிரைண்டரை இருபது நிமிடத்தில் ஆட்டவைக்கப் போய் ஒரு வாரம் கடையில் மாவு வாங்கியவர்கள், பின்னலாடை யூனிட்டில் நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்த மெஷினின் வேகத்தைக் கூட்டி, ஊசியெல்லாம் ஒடிந்து துணியில் சாளரம் சாளரமாக ஓட்டை விழுந்த பிறகு நூல் சரியில்லை என்று சொன்னவர்கள். தப்பு எப்போதும் நூலில்தான். இவர்கள் கையில் எப்படி இருக்கும்?

கை என்றதும் நீங்கள் மீசையும் கிரீஸும் உள்ள ஓர் ஆளை நினைத்திருப்பீர்கள். அவசரப்படாதீர்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஆபீசில் ஒரு நாளைக்குப் பதினைந்து வார்த்தைக்கு மேல் பேசாமல், வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பும் மெயில்களுக்கு அடக்கமான ஆங்கிலத்தில் பதில் அடிக்கிற சுரிதார் போட்ட பெண்களும் இந்த இனத்தில் உண்டு. எனக்கு அப்படி ஒருத்தியைத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்த்து அவளுக்குத் தலை வாரிவிடுவதே நான்தான்.

இந்த வருஷம்தான், இரண்டாயிரத்து நாலில், நடந்தது. என் அப்பா இசக்கிமுத்து, தென்காசிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்து ரொம்ப நாளாகியிருந்தது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கட்டிங் யூனிட்டில் வெட்டிய துணிக்கட்டுகளை மொபெட்டில் ஏற்றி, பாலம் ஏறி இறங்கி, நல்லூரில் தெய்வாத்தாள் அக்காவின் தையல் யூனிட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. நான் வேலைக்குப் போக ஆரம்பித்து நாலு மாதம்தான். வீடு ஓடியது அந்த மொபெட்டில்தான்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் தெய்வாத்தாள் அக்கா அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார். "ஏனுங்கண்ணா, எட்டரைக்கு லைன் ஓட்டோணுமுங்க. நீங்க ஒம்பது மணிக்கு வந்தா பிள்ளைங்க மெசின் முன்னால சும்மா ஒக்காந்திருக்குதுங்க. லீவு முடிஞ்சு திங்கக்கெழமையிலிருந்து நேரத்துக்கு வந்தா நீங்களே ஓட்டுங்க. இல்லீன்னா ஒரு ஆட்டோக்காரரு கேட்டுட்டே இருக்கறாருங்க."

அப்பா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார். மறுவாய் தண்ணீர் குடிப்பதற்குள் தீர்வையும் சொன்னார்: "ஏழு மணிக்கே கட்டு ரெடியா கெடக்கும். நாளைலேர்ந்து அரை மணி முந்திக் கிளம்புனா தீந்துச்சு."

அரை மணி முன்னால் கிளம்புவதா? இதில் எங்கள் இனத்துக்கு என்ன கௌரவம் இருக்கிறது?

மறுநாள் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் வேகத்தைக் கூட்டுவது எப்படி என்று தேடினேன். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர், மணல்மேட்டில் ஏறி விளையாடும் நாலு சக்கர வண்டி ஒன்றின் எஞ்சினைப் பிரித்துப் படிப்படியாக எழுதியிருந்தார். சிலிண்டரைக் கொஞ்சம் கடைந்து பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் போட வேண்டும். சிலிண்டர்ச் சுவரில் புகை வெளியேறுவதற்கு ஒரு ஜன்னல் இருக்கும். அதை அரத்தால் ராவி உயர்த்த வேண்டும். அவ்வளவுதான். எங்களுடையது மணலில் ஓடாது, நாலு சக்கரமும் கிடையாது. ஆனால் அதுவும் டூ ஸ்ட்ரோக், இதுவும் டூ ஸ்ட்ரோக். இரண்டு பக்கம் அச்செடுத்தேன். முதல் பக்கத்தை அழகான தமிழில் பெயர்த்தேன். இரண்டாம் பக்கத்தின் தலைப்பு 'எச்சரிக்கைகள்' என்று இருந்ததால் அதை விட்டுவிட்டேன். ஆங்கில வழியிலும் தமிழ் வழியிலும் படித்தவளுக்கு எதைப் படிக்காமல் விடலாம் என்பது இரண்டு மொழியிலும் தெரியும்.

அப்பா சொன்னார்: "ஏட்டி, ஓடுத வண்டிய எதுக்குப் போட்டு நோண்டுத?"

நான் பாட்டுக்குத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். எங்கள் இனத்தில் பேசாதவர்கள்தான் ஆபத்தானவர்கள். பேசுகிறவர்களை எதிர்த்துப் பேசியாவது தடுக்கலாம்.

லீவுக்கு முந்தின வியாழக்கிழமை மதியம் கடைசிக் கட்டை இறக்கியதும், நல்லூரில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் கந்தவேல் அண்ணன் எஞ்சினைப் பிரித்தார். அச்செடுத்த பக்கத்தில் சொன்னபடியே, சிலிண்டருக்குள் ஒரு காகிதத்தைச் சுருட்டி வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். ஜன்னல்களின் வடிவம் காகிதத்தில் வந்தது. அதில் வெளிநாட்டுக்காரர் சொன்ன உயரத்துக்குக் கோடு போட்டேன். கோடு கோணலாக இருந்தது. அங்கேயே ஒரு ஸ்கேல் வைத்து நேராக்கியிருக்கலாம். ஆனால் நான் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவள். எங்கள் ஊரில் காகிதத்தில் ஒரு வடிவம் இருந்தால் அது, துணி வெட்ட அட்டையில் அளவு வெட்டித் தரும் பேட்டர்ன் மாஸ்டரிடம் போக வேண்டும்.

எங்கள் கம்பெனி மாஸ்டர் குருசாமி அண்ணன் விடுமுறை அவசரத்தில் இருந்தார். கை, கழுத்து, பாக்கெட் என்று முப்பது வடிவங்களுக்கு நடுவே என் காகிதத்தையும் வாங்கிக்கொண்டார். என்ன ஏது என்று கேட்கவில்லை. எல்லாரிடமும் கேட்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

"சுருக்கம் எத்தனை போடட்டும் கண்ணு?"

துவைத்தால் பனியன் துணி சுருங்கும். அதனால் சுருங்கும் அளவை முன்கூட்டியே சேர்த்து வெட்டுவோம். நான் ஒரு நாளைக்கு நாற்பது தடவை தட்டச்சு செய்யும் எண் அது. மெயிலிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னேன்.

"அஞ்சு சதவீதம், அண்ணா."

இரும்புக்கு. துவைத்தால் சுருங்கிவிடக் கூடாதே என்று.

கெட்டி அட்டையில் சுத்தமாக வெட்டிக் கொடுத்தார். ஓரத்தில் அம்புக்குறி போட்டுத் துணியின் நெடுக்குத் திசையைக்கூடக் குறித்திருந்தார். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. வேலை எவ்வளவு நேர்த்தி என்றுதான் தோன்றியது.

லேத்தில் கடைந்துவந்த சிலிண்டருக்குள் அட்டையைச் சுருட்டி வைத்த கந்தவேல் அண்ணன் முகத்தைச் சுளித்தார். "ஏங்கண்ணு, அட்டையோட ரெண்டு நுனியும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குதே?"

"கடைஞ்சு போர் பண்ணுனதுல அளவு மாறியிருக்கும், அண்ணா."

"சிலிண்டரைப் பெருசு பண்ணுனா அட்டை பத்தாமத்தானே போகோணும்? இதென்ன மிச்சமாகுது?"

கவனியுங்கள். எட்டாவது வரை படித்த மனிதர் சரியான கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்கிறார். நான் அச்செடுத்த தாளை நீட்டி, "இதுல அப்படித்தான் போட்டிருக்கு" என்றேன். ஆங்கிலம் எவ்வளவு வசதியான மொழி பாருங்கள். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அரத்தை எடுத்தார். அட்டையின் அடி விளிம்பைச் சிலிண்டரின் அடி விளிம்போடு வைத்து ராவினார். ஐந்து சதவீதமும் மேலே போய்ச் சேர்ந்தது. ஜன்னல் இருக்க வேண்டிய உயரத்துக்கும் மேலே மூன்று மில்லிமீட்டர் ஏறிவிட்டது.

ஆயுத பூஜை அன்று திருப்பூரில் எல்லா வண்டியும் கழுவி மாலை போட்டு நிற்க, எங்கள் வண்டி ஒரு சாக்கின் மேல் பதினேழு துண்டாகக் கிடந்தது. அப்பா பதினேழுக்கும் தனித்தனியாகத் திருநீறு வைத்தார். ஒரு வாஷருக்குக்கூட விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை வண்டி உயிர்பெற்றது. கந்தவேல் அண்ணன் நல்லூர்த் தெருக்களில் ஒரு சுற்றுப் போய்வந்து, "பறக்குதுங்கண்ணா" என்றார். உண்மையிலேயே பறந்தது. அப்பா மெதுவாகக் கேட்டார்: "மூட்டை ஏத்தி ஒருக்கப் பாப்பமா?"

"தேவையில்லப்பா" என்றேன். அன்றைய என் பதினைந்து வார்த்தைகளில் அது ஒன்று.

திங்கட்கிழமை காலை அப்பா ஏழரை மணிக்கே, ஆறு கட்டுகளோடு கிளம்பிவிட்டார். ஆமாம், அரை மணி முந்தி. பழைய எஞ்சினாக இருந்திருந்தால் எட்டரைக்கே போய்ச் சேர்ந்திருப்பார். நான் ஆபீசுக்குப் போகும் பஸ்ஸின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தேன். பாலத்தின் ஏற்றத்தில் பஸ் நின்றது. முன்னால் நெரிசல். நெரிசலுக்குக் காரணம் என் அப்பா.

வண்டி கத்தியது. ஊரே திரும்பிப் பார்க்கும்படி கத்தியது. நகரவில்லை. ஜன்னலை அத்தனை உயர்த்திவிட்டால் எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் இழுக்கும், மெதுவாகச் சுற்றும்போது அதற்குத் தெம்பே இல்லை; பாரத்தோடு ஏற்றத்தில் வேகமாகச் சுற்றவைக்க வழியே இல்லை. பிறகு வீட்டுக்குப் போய் இரண்டாம் பக்கத்தைப் படித்தபோது இதே விஷயம் இதைவிடத் தெளிவாக எழுதியிருந்தது.

கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "ஏனுங்க பெரியவரே, சத்தம் நல்லாருக்கு, வண்டி எப்ப வருமுங்க?" என்றார். பஸ் சிரித்தது. நான் இறங்கினேன்.

அப்பா என்னைத் திட்டவில்லை. "அந்த மேல்கட்டப் பிடிட்டி" என்று மட்டும் சொன்னார். அவர் ஹேண்டிலைப் பிடிக்க, நான் பின்னால் தள்ள, ஆபீஸ் சுரிதாரின் துப்பட்டா சக்கரத்துக்கும் என் கழுத்துக்கும் நடுவே ஊசலாட, பாலத்தின் உச்சிவரை தள்ளினோம். அங்கே நின்று மூச்சு வாங்கியபோது அப்பா வண்டியைப் பார்த்துச் சொன்னார்: "இதுக்கு மூட்டைன்னா பிடிக்கல போல."

நல்லூர் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதே கால். லைனில் பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். தெய்வாத்தாள் அக்கா கோபப்படவில்லை. "மொதல்ல டீ குடிங்க, அப்பறம் பேசிக்கலாமுங்க" என்றார். கொங்கு நாட்டில் இப்படிச் சொன்னால் பேச ஒன்றும் மிச்சமில்லை என்று அர்த்தம். டீ முடிந்ததும் சொன்னார்: "நாளைக்கிருந்து ஆட்டோக்காரரை வரச் சொல்லீட்டனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா."

அப்பா தப்பாக நினைக்கவில்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வெறும் வண்டியில் கிளம்பினார். அது அம்பாகப் பாய்ந்தது. தெய்வாத்தாள் அக்கா அதை வாசலில் நின்று பார்த்திருக்கிறார். புதன்கிழமை ஆள் விட்டார். லேபிளும் நூலும் அவசரத்துக்கு வாங்கிவர ஓர் ஆள் வேண்டுமாம், பாரம் இல்லாத வேலை. முன்பிருந்ததில் பாதி வேலை, பாதிக் கூலி. மீதிப் பாதிக்காக அப்பா மதியத்துக்கு மேல் ஒரு செக்கிங் யூனிட்டில், அந்த வயசில், நின்றபடி, தைத்த பனியன்களில் நீட்டி நிற்கும் நூல் பிசிரை நறுக்குகிறார். கால் வீங்கி வருகிறார். நான் வெந்நீர் வைத்துக் கொடுக்கிறேன். அந்த அடுப்பை மட்டும் நான் தொட்டுத் திருத்தவில்லை.

திருந்திவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? போன வாரம் அப்பா வாசலில் வண்டியைக் கிளப்பும்போது, கார்புரேட்டரில் ஒரு சின்ன மாற்றம் செய்தால் கீழ் வேகத்திலும் இழுக்குமே என்று நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான். அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

மறுநாளிலிருந்து அவர் வண்டியை வாசலில் கிளப்புவதில்லை. சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டே போய், தெருமுனை மாவு மில்லைத் தாண்டி, என் காதுக்கு எட்டாத இடத்தில்தான் கிளப்புகிறார்.

உங்கள் வீட்டில் எப்படி? நீங்கள் குளிக்கப் போன பிறகுதான் மிக்ஸி ஓடுகிறதா? தையல் மெஷின் நீங்கள் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து ஓடுகிறதா? நீங்கள் உள்ளே நுழைந்ததும் யாராவது எழுந்துபோய், நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை அணைத்துவிட்டு, வேர்க்க வேர்க்கச் சிரிக்கிறார்களா?