வெல்லாவெளிக்கென்று சொல்லிக் கப்பலேறிய கதை

நீச்சல் தெரியாதவர்கள் பொய் சொல்லக் கூடாது. மற்ற வீடுகளில் எப்படியோ, எங்கள் வீட்டில் இது சட்டம். நான் அதை ஒரேயொரு தடவை மீறினேன். யுத்தம் முடிந்த அடுத்த வருடம், இருபத்தேழு வயதில், பட்டுச்சேலை உடுத்து, தலையில் வைக்கோல் தொப்பி போட்டு, மடியில் ஒரு தகரப்பேணி நிறைய முறுக்கும் அலுவாவும் வைத்துக்கொண்டு மீறினேன்.

முதலில் என் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சுனாமி வந்த காலை, அம்மாவும் சின்னம்மாவும் கைகோத்துக்கொண்டு ஓடினார்கள். அம்மாவின் மற்றக் கைக்கு ஒரு பூவரச மரம் அகப்பட்டது. சின்னம்மாவின் கை வழுகிப் போய்விட்டது. சின்னம்மா பிறகு கிடைக்கவேயில்லை. அன்றிலிருந்து அம்மா தண்ணீரைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்.

சொல்வது சுகம். கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. தண்ணீரைப் பார்க்காமல் வாழ வேண்டுமென்றால் நடுத்தெருவில் நின்று வானத்தைப் பார்க்க வேண்டும். பஸ் பாலத்தில் ஏறும்போது அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைப் பொத்திக்கொள்வார். (நடத்துநர்கள் பலர் அவருக்குக் கண்வருத்தம் என்றே நம்பியிருந்தார்கள்.) வாவி மீனுக்கு மட்டும் விலக்கு அளித்திருந்தார். மீன் என்ன பாவம் செய்தது என்பது அவருடைய வாதம்.

என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார், உயிர் போனாலும் தண்ணீரில் ஏறுவதில்லை என்று. ஒருமுறை கடற்கரைப் பக்கத்துத் தோழி வீட்டிலிருந்து நான் ஒரு மணித்தியாலம் பிந்தி வந்ததற்கே, பிரஷர் ஏறி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதனால் இந்தச் சத்தியம் வெறும் பேச்சல்ல. நான் தண்ணீரில் நிற்கிறேன் என்று அவர் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் போனேன். அந்த வயதில் மூளை வேறெங்கோ வேலைக்குப் போயிருக்கும்.

நடந்தது இதுதான். நகரத்தில் புதிதாகத் திறந்த ஒரு ஹோட்டல், வாவியில் உல்லாசப் படகு விடத் தொடங்கியது. நான் எழுதுநராக இருந்த கூட்டுறவுச் சங்கத்துக்கு விளம்பரமாக ஒரு இலவச டிக்கெட் அனுப்பினார்கள். ஒன்றே ஒன்று. ஒருவருக்குப் புருஷன் விடவில்லை, ஒருவருக்குத் தலைசுற்று, முகாமையாளருக்குப் பயம் (அவர் தனக்கு அன்று கூட்டம் இருக்கிறது என்று சொன்னார்). நான் கையைத் தூக்கினேன். வாவிக்கரையில் பிறந்து வளர்ந்தும் நான் ஒருநாளும் சும்மா படகில் போனதில்லை. சுனாமிக்கு முன்பு போனதெல்லாம் அலுவலுக்கு, அல்லது ஓடித் தப்ப. ஒரு நாளாவது காற்று வாங்க மட்டும் போக வேண்டும் என்று நெஞ்சு கேட்டது. வெளிநாட்டுப் பெண்கள் தன்னந்தனியாகக் கப்பலில் உலகம் சுற்றும் படங்களைப் பத்திரிகையில் பார்த்துப் பார்த்து அந்த நெஞ்சும் கெட்டுப் போயிருந்தது.

அம்மாவிடம், வெல்லாவெளியில் ஒரு தோழியின் தங்கை வயதுக்கு வந்ததற்குச் சாமத்தியச் சடங்கு என்றேன். பொய் சொன்னோமா, நிறுத்தினோமா என்றில்லாமல், பிள்ளை கொஞ்சம் கறுப்பு, ஆனால் லட்சணம் என்றெல்லாம் சேர்த்துவிட்டேன். அம்மா உருகிப்போனார்.

“சடங்கு வீட்டுக்கு வெறுங்கையோட போறயா? ஆக்கள் என்ன நினைப்பாங்க?” என்று அன்றிரவே முறுக்குப் பிழிந்தார். விடிய என்னைப் பட்டுச்சேலையில் சுற்றி, பேணியைக் கையில் தந்து, “போற வழியில பாலம் வரும், கண்ணை மூடிக்கொண்டு இரி. மறுகா போய்ச் சேர்ந்ததும் போன் எடு, புள்ள” என்றார். இதைக் கேட்டும் மனம் மாறாமல் போனவள் நான்.

படகை ஓட்டியவர் டெரிக் அண்ணன். நகரத்துப் பறங்கியர், போர்த்துக்கேய வழிவந்தவர், முன்பு தச்சு வேலை செய்தவர், ஆங்கிலமும் மட்டக்களப்புத் தமிழும் ஒரே வாயில் பேசுவார். பட்டுச்சேலைக்கு மேல் மிதவை அங்கியைக் கட்டிக்கொண்டு, தொப்பியோடும் பேணியோடும் வந்த என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“தங்கச்சி, கலியாண வீடு அங்கால. இது டூரிஸ்ட் போட்.”

டிக்கெட்டை நீட்டினேன். அவர் சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டார்.

படகில் பத்து வெள்ளைக்காரர்கள். பக்கத்தில் உட்கார்ந்தவர் எலன், ஓய்வுபெற்ற தாதி, உண்மையாகவே தனியாக உலகம் சுற்றுகிறவர். நானும் தனியாகப் பயணம் செய்கிறவள்தான் என்று என் ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னேன். எங்கிருந்து வருகிறாய் என்று ஆர்வமாகக் கேட்டார். நான் திரும்பி, பின்னால் இன்னும் மறையாமல் நின்ற கல்லடிப் பாலத்தைக் காட்ட வேண்டியதாயிற்று.

ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், அந்தக் காலை சொர்க்கம். இடப்பக்கம் எழுவான்கரைத் தென்னைகள், வலப்பக்கம் படுவான்கரை வயல்வெளி, நடுவில் நான், எந்த அலுவலும் இல்லாமல். ஒரு முதலை மண்திட்டில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதுவும் என்னைப் போலவே அன்று லீவு போட்டிருந்தது. காற்றும் வெயிலும் சேர்ந்து என்னைக் கண்ணயர வைத்துவிட்டன.

பகல் சாப்பாட்டுக்காகப் படகு அம்பிளாந்துறையில் ஒதுங்கியது. எஞ்சின் சத்தம் தணிந்தது, படகின் மூக்கு துறையில் இடித்தது. அவ்வளவுதான். தூக்கத்திலிருந்த என் உடம்பு தானாக எழும்பிவிட்டது.

இதை வெளியூர்க்காரருக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். யுத்தகாலம் முழுவதும் வாவியைக் கடந்தால் கரையில் சோதனை. படகு இடித்ததும் இறங்க வேண்டும், அடையாள அட்டையைக் கையில் பிடிக்க வேண்டும், பையைத் திறக்க வேண்டும், ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். மூளையைக் கேட்காமலே கால் செய்யும் வேலை. யுத்தம் முடிந்துவிட்டது என்று என் காலுக்கு யாரும் அறிவித்திருக்கவில்லை.

முதல் ஆளாக இறங்கினேன். இடப்பக்கம் போய் நின்றேன். அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்தேன். கைப்பையைத் திறந்தேன், முறுக்குப் பேணியின் மூடியையும் திறந்து முன்னால் வைத்தேன். பிறகு இரண்டு கைகளையும் தூக்கினேன்.

எலன் இதைப் பார்த்தார். இது இந்த ஊரில் கரையிறங்கும் சம்பிரதாயம் என்று நினைத்துவிட்டார் போலும், எனக்குப் பின்னால் வந்து கையைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் மற்றப் பெண்கள். ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு வலப்பக்கம் ஒரு வரிசை அமைத்துக் கையைத் தூக்கினார்கள். ஒருவர் கடவுச்சீட்டை விரித்துப் பிடித்தார். ஒருவர் சப்பாத்தையும் கழற்றிவிட்டார்.

எங்களுக்கு எதிரே ஒரு சோதனைச் சாவடியும் இல்லை. சாரம் உடுத்த ஒருவர் மட்டும் வலையைக் காயப்போட்டுக்கொண்டு நின்றார். பதினொரு பேர் தன் முன்னால் கையைத் தூக்கி நிற்பதைக் கண்டதும், பயத்தில் வலையைக் கீழே போட்டுவிட்டு அவரும் கையைத் தூக்கினார்.

கொஞ்ச நேரம் எல்லோரும் அப்படியே நின்றோம். படகுக்குள் டெரிக் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்து கிடந்தார்.

முதலில் கையை இறக்கியவர் வலைக்காரர்தான். கிட்ட வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார். “நீ கமலாக்காட மகள்தானே?”

கணபதிப்பிள்ளை மாமா! கல்லடிக்குச் சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர். நல்ல இறால் விழுந்தால் அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொல்கிற ஒரே மனிதர். “மாமா, அம்மாட்டச் சொல்லிராதீங்க” என்று நான் வாயைத் திறப்பதற்குள் போன் அவர் காதில் இருந்தது. பாவம், மனுஷனுக்கு ஒரே பெருமை.

“கமலாக்கா! உங்கட மகள் அம்பிளாந்துறைக்குக் கப்பல்ல வந்து இறங்கியிரிக்கா! வெள்ளைக்காரரெல்லாம் அவவுக்குப் பின்னால வரிசையில நிக்காங்க!”

பிறகு போனைக் காதிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “கட் ஆயிற்றுப் போல” என்றார் மாமா.

நான் திரும்ப எடுத்தேன். மணி போனது, யாரும் எடுக்கவில்லை. பத்துத் தடவை எடுத்தேன். சோறும் மீன்குழம்பும் இலையில் ஆறிக் கிடந்தன. மற்றவர்கள் புளியமர நிழலில் சிரித்துச் சிரித்துச் சாப்பிட, எனக்கு அம்மா வீட்டுக்குள் விழுந்து கிடப்பது மட்டுமே கண்ணுக்குள் நின்றது. அன்று நான் அழுத அழுகைக்கு எலன் ஒரு பெட்டி கைலேஞ்சிக் கடதாசி முழுவதையும் தந்தார். தனியாகப் பயணம் செய்கிறவளாம்!

இரண்டு மணியளவில் குருக்கள்மடத்திலிருந்து பாதை வந்தது. (பாதை என்றால் ரோட்டு இல்லை. ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை, எங்களூரில் அதற்கு அதுதான் பேர்.) மோட்டார் சைக்கிள்களுக்கும் ஒரு ஆட்டுக்கும் நடுவில் ஒரு பெண் குந்தியிருந்தார். கண்ணை இறுக மூடி, அந்த ஆட்டின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “கண்ணகையம்மா, கண்ணகையம்மா” என்று உரத்துச் சொல்லிக்கொண்டு வந்தார்.

என் அம்மா. பஸ்ஸிலிருந்து பாலத்தைப் பார்க்க மாட்டாத அம்மா.

கரையில் கால் வைத்ததும் கண்ணைத் திறந்தார். ஓடி வந்தார். முதலில் என் தலைமயிரைத் தொட்டுப் பார்த்தார், பிறகு சேலையை. ஈரமில்லை என்று உறுதியானதும் கன்னத்தில் ஒன்று விட்டார். அது பாதைத் துறை முழுக்கக் கேட்டிருக்கும். அதன் பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மண்ணில் இருந்துவிட்டார். “நீயும் போயிற்றாய் எண்டு நினைச்சன் புள்ள” என்றார். நானும் அழுதேன். கணபதிப்பிள்ளை மாமாவும், காரணம் தெரியாமல், அழுதார்.

அழுது முடித்ததும் அம்மா மூக்கைத் துடைத்தார். “முறுக்கு எங்க?”

வெள்ளைக்காரர்கள் பாதியைத் தின்றுவிட்டார்கள் என்றேன். அம்மா எழும்பிப் போய், மிச்சத்தையும் தன் கையாலேயே பரிமாறினார். பேணியை முறுக்கோடு திருப்பிக் கொண்டுபோகும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

வீட்டுக்குப் போவதென்றால் திரும்பவும் தண்ணீர்தான். சுற்றிப் போகும் பஸ் காலையிலேயே போய்விட்டது. அம்மா பாதையையும் பார்த்தார், டெரிக் அண்ணனின் படகையும் பார்த்தார்.

“ஏறுங்க அக்கா, நான் மெல்லமா விடுறன்” என்றார் டெரிக் அண்ணன்.

“இதில கதிரை இரிக்கு” என்று அம்மா முடிவு சொன்னார். இரண்டு மிதவை அங்கி கேட்டு வாங்கி, இரண்டையும் போட்டுக்கொண்டார்.

ஒரு பக்கம் நான், மறு பக்கம் எலன், ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டோம். எலனுக்கு அம்மாவின் கதை ஒன்றும் தெரியாது. ஆனால் வாவி முடியும்வரை அந்தக் கையை விடவேயில்லை. அவரை நான் பிறகு ஒருநாளும் காணவில்லை. அந்தக் கைக்கு நான் இன்றைக்கும் நன்றியோடிருக்கிறேன். பாதி வழியில் அம்மாவின் பிடி தளர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. வெயில் சாய்ந்து வாவி முழுவதும் மினுங்கிக்கொண்டிருந்தது. அம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தங்கச்சிக்கு இப்பிடிப் போக நல்ல விருப்பம்” என்றார். ஐந்து வருடத்துக்குப் பிறகு சின்னம்மாவைப் பற்றி அவர் அழாமல் சொன்ன முதல் வார்த்தை அது.

இப்போது அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. வாவிக்கு மேலே புதுப் பாலம் வந்துவிட்டது, ஆனாலும் கொக்கட்டிச்சோலைக் கோயில் தேருக்குப் பாதையில்தான் போவேன் என்று அடம்பிடிப்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணியோடு இந்தக் கதையும் வரும். ஆனால் அம்மாவின் கதையில் வெல்லாவெளியும் இல்லை, சடங்கும் இல்லை, என் கன்னத்தில் விழுந்த அந்த அறையும் இல்லை.

“என்ட மகள்தான், என்ட பயத்தைத் தெளியவைக்க வேணுமெண்டு, என்னைக் கப்பல்ல கூட்டிக்கொண்டு போனவள்” என்பார்.

என் கணவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். “மாமி, அவ உங்களுக்கு ஒளிச்சுத்தானே போனவ!”

“உமக்கென்ன தெரியும்?” என்று அவரை அடக்கிவிட்டு, அம்மா என் பக்கம் திரும்புவார். “அப்பிடித்தானே மகள்?”

இந்தப் பொய்யை நான் சொல்லவில்லை, அம்மாவே எனக்காகச் சொல்கிறார்.

“ஓம் அம்மா” என்பேன்.