ஒன்றே கால் பெரில்

பிரிட்டன் என்னும் ஈரத் தீவு இன்றுவரை கடலில் கரைந்துபோகாமல் இருப்பதற்குக் காரணம் அரசரும் அல்ல, பாராளுமன்றமும் அல்ல. கொட்டும் மழையில், அடுத்தவர் வயலில், சாணத்தை மிதித்துக்கொண்டு போய், ஐயாயிரம் ஆண்டுகளாகச் சும்மா நிற்கும் கற்களின் முன்னால் தாமும் சிறிது நேரம் சும்மா நின்றுவிட்டுத் திரும்பும் மேன்மக்களே காரணம். அவர்களில் தலையாயவர் லங்காஷயரைச் சேர்ந்த லெஸ்லி டக்வொர்த். தண்ணீர் வாரியத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கார்ன்வால் முனையிலிருந்து ஆர்க்னித் தீவுகள்வரை அவர் போய் நிற்காத கல்வட்டம் கிடையாது. போனதும் அவர் செய்யும் முதல் வேலை, ஈரக் கல்லில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வது. அடுத்த வேலை, "பெரில், வா, வந்து நில்லு" என்று கூப்பிடுவது.

பெரில் அவருடைய மனைவி. கல்லைப் படம் எடுத்தால், பக்கத்தில் ஏதாவது ஒன்று நின்றால்தான் அதன் உயரம் தெரியும். இப்படிக் கல் பார்ப்பவர்களில் வசதியுள்ளவர்கள் இதற்குச் சிவப்பும் வெள்ளையும் பூசிய கம்பு வைத்திருக்கிறார்கள். லெஸ்லி மனைவி வைத்திருந்தார். கம்பை வீட்டில் மறந்துவிட்டு வர வாய்ப்புண்டு. பெரிலோ பாலாடைக்கட்டி சாண்ட்விச்சையும் பிளாஸ்கில் தேநீரையும் கட்டிக்கொண்டு, தானே வந்து காரில் உட்கார்ந்துகொள்வாள். கல்யாணத்தன்று அவள் உயரம் ஐந்தடி நாலங்குலம். அதை வைத்து எந்தக் கல்லின் உயரத்தையும் லெஸ்லி கணக்கிட்டுவிடுவார்.

லெஸ்லி சேர்ந்திருந்த கல்வட்ட அன்பர்கள் சங்கம் இந்த 'அறிவியல் முறை'யைப் பரிசீலித்து, தேநீர் இடைவேளைக்கு முன்பே ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. அன்று முதல் சங்கத்தில் கற்களை அளப்பது பெரில் கணக்கில்தான். 'அழுகிற அத்தை' என்ற கல் முக்கால் பெரில். 'பிசாசின் முழங்கை' ஒன்றே கால் பெரில். மீட்டரையும் கிலோவையும் இன்னும் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் தேசத்தில், கலப்படமில்லாத சுதேசி அளவு ஒன்று கிடைத்ததில் எல்லோருக்கும் பரம திருப்தி. பெரிலை யாரும் கேட்கவில்லை. அளவுகோலை யாராவது கேட்பார்களா?

இந்த வசந்தத்தில் லெஸ்லி பழைய கற்களையெல்லாம் மறுபடி 'தரிசிக்க'க் கிளம்பினார். பிசாசின் முழங்கையில் வழக்கம்போல மழை.

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம், பெரில். கல்லை மறைக்கறே."

"முதுகு பிடிச்சிருக்கு, லெஸ்லி. நிமிர முடியல."

"பரவாயில்ல. முதுகு படத்துல தெரியாது."

வீட்டுக்கு வந்து கணினியில் படத்தைப் போட்டுக் கணக்குப் பார்த்த லெஸ்லி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஒன்றே கால் பெரிலாக இருந்த முழங்கை அதைத் தாண்டிப் போயிருந்தது. கல் நாலங்குலம் வளர்ந்திருந்தது! அவசரப்படுபவர் அல்ல அவர். மறுவாரம் அழுகிற அத்தையிடம் போனார். அத்தையும் வளர்ந்திருந்தாள். வேல்ஸில் வளர்ந்திருந்தது, டெவனில் வளர்ந்திருந்தது. தீவு முழுக்கக் கற்கள் ஒன்று பாக்கியில்லாமல், ஒரே விகிதத்தில், ஓசைப்படாமல் வளர்ந்துகொண்டிருந்தன. நியூட்டனுக்கு ஆப்பிள் விழுந்ததுபோலத் தனக்கு இது வாய்த்திருக்கிறது என்று லெஸ்லி அடக்கத்தோடு நினைத்துக்கொண்டார்.

ஆதாரங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து குவிந்தன.

"மேல் தட்டுல இருக்கற பிஸ்கட் டப்பா எனக்கு எட்டல. முன்னெல்லாம் எட்டும்," என்றாள் பெரில்.

"அப்படியா! எப்பலேருந்து?" லெஸ்லி துள்ளி எழுந்தார். பெரிலுக்கு முகம் மலர்ந்தது. இத்தனை அக்கறையாக அவர் எதையும் கேட்டு ரொம்ப காலமாகியிருந்தது.

"ஒரு வருஷமா இருக்கும். மழைக்கோட்டு வேற தரையில இழுபடுது."

"கோட்டை விடு. இந்த வீடு உள்ளூர்க் கல்லுல கட்டினது. சுவரும் வளருது, பெரில்! சுவரும் வளருது!" என்று சொல்லிவிட்டுச் சுவரைத் தட்டிக்கொடுத்தார்.

இந்த மகத்தான ஆராய்ச்சிக்கு ஒரே ஒரு இடைஞ்சல்தான் இருந்தது. பெரிலின் முதுகை டாக்டர் பார்த்துவிட்டு, எலும்பு ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். முதலில் கிடைத்த நாள், ஜூன் மாதத்தில், ஆண்டின் மிக நீண்ட பகலன்று வந்து தொலைந்தது. அன்று விடியலில் கல்வட்டத்தில் நிற்காதவனை மனிதன் என்று யார் சொல்வார்கள்? ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டுத் தள்ளிப்போட்டாள் பெரில். அடுத்து கிடைத்த செவ்வாய்க்கிழமையோ சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்து நாள். லெஸ்லி 'வளரும் கற்கள்' என்ற தலைப்பில் பேசப்போகிற நாள்.

"நான் தனியா பஸ்ல போயிட்டு வந்துடறேனே," என்றாள் பெரில்.

"அதெப்படி? யாராவது அளவு சரியான்னு கேட்டா நான் யாரைக் காட்டறது? இங்க பாரு கண்ணு, கல்லு ஐயாயிரம் வருஷம் காத்திருந்துருக்கு. உன் முதுகு ஒரு மாசம் காத்திருக்காதா?"

இரண்டாம் தடவையும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, போனை எடுத்த பெண்ணிடம் நாலு முறை மன்னிப்புக் கேட்டாள்.

சர்ச் கூடத்தில் கூட்டம். வாகனம் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் உண்மையான ஒரு பழங்கல் நிற்கிறது என்பதற்காகவே சங்கம் அந்தக் கூடத்தை விரும்பி எடுப்பது வழக்கம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கிரிம்ஷா தலைமை வகித்தார். லெஸ்லி பேசி முடித்ததும் கூடம் அதிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தது. பிறகு ஆளாளுக்கு விளக்கம் சொன்னார்கள். மழைத் தண்ணீரை உறிஞ்சிக் கல் ஊதியிருக்கும் என்றார் ஒருவர். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நாடு வெளியேறிய பிறகு நாட்டுக் கற்களுக்கே ஒரு தெம்பு வந்திருக்கிறது என்றார் இன்னொருவர். இதற்குக் கைதட்டல் அதிகம்.

ஓய்வுபெற்ற பல் டாக்டர் ரிட்லி மட்டும் கையைத் தூக்கினார். லெஸ்லியின் புகழைப் பொறுக்காதவர். சிவப்பு வெள்ளைக் கம்பு சொந்தமாக வைத்திருப்பவர்.

"அளவுகோலைச் சரிபார்த்தீங்களா, டக்வொர்த்?"

"என் மனைவியைச் சந்தேகப்படறீங்களா?"

"மனைவியை யார் சந்தேகப்பட்டா? அளவுகோலைத்தான் கேட்டேன்."

"நியாயமான கேள்வி. அளவுகோல் மேடைக்கு வரலாம்," என்றார் கிரிம்ஷா.

பெரில் பின்வரிசையிலிருந்து எழுந்தாள். எழ, முன்வரிசை நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஞாயிறு பள்ளிக் குழந்தைகளின் உயரம் குறித்து வைக்கும் கதவு நிலையில் அவளைச் சாய்த்து நிறுத்தினார்கள். ரிட்லி அளவு நாடாவைப் பிடித்தார். குனிந்து பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"ஐந்தடி ஓரங்குலம். மூணங்குலம் குறையுது."

"ஷூவைக் கழட்டலையே," என்று யாரோ நினைவூட்டினார்கள்.

லெஸ்லியின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அவர் மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினார்.

"பெரில், என்ன காரியம் பண்ணியிருக்கே? முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே, லெஸ்லி. முதுகு வலிக்குதுன்னு சொன்னேன். டப்பா எட்டலைன்னு சொன்னேன். கோட்டு இழுபடுதுன்னு சொன்னேன். நீ சுவரைத் தட்டிக்கொடுத்தே." அவள் குரல் உயரவில்லை. "எனக்குப் பயமா இருந்துது. ஒவ்வொரு கல்லுகிட்டயும் நான் குறைஞ்சிக்கிட்டே வர்றது எனக்கே தெரிஞ்சிது. நீ அங்கேயேதான் பார்த்துக்கிட்டு நின்னே. உனக்கும் தெரியும்னு நினைச்சேன்."

கிரிம்ஷா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். இக்கட்டான நேரத்தில் ஒரு சங்கத்தைக் கட்டிக்காப்பது எப்படி என்று அவருக்குத் தெரியும். "ஆக, கற்கள் வளரல," என்றார். கூடமே பெருமூச்சு விட்டது. உடனே தீர்மானம் நிறைவேறியது: 'நமது கற்கள் எதற்கும் எந்தப் பழுதும் நேரவில்லை என்பதை அறிந்து சங்கம் ஆறுதல் கொள்கிறது. அளவுகோலில் ஏற்பட்ட தேய்மானத்துக்கு வருந்துகிறது.' புதிய அளவுகோல் வேண்டுமே என்ற கவலைக்கும் வழி பிறந்தது. "என் மனைவி நல்ல திடமா இருக்கா. ஐந்தடி ஏழு," என்றார் ரிட்லி, கம்பை மறந்து. திருமதி ரிட்லி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

பெரிலும் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். லெஸ்லி பின்னாலேயே ஓடிவந்தார். மழை பிடித்துக்கொண்டிருந்தது.

"சாவியைக் கொடு," என்றாள்.

"எங்க போகணும்?"

"ஆஸ்பத்திரிக்கு. போன் பண்ணி இனிமே மன்னிப்புக் கேக்கப் போறதில்ல. நேர்ல போய் உட்காரப் போறேன்."

அவர் சாவியைக் கொடுத்தார். அவள் காரை நோக்கிப் போகாமல், ஓரத்தில் நின்ற பழங்கல்லைக் காட்டினாள்.

"அங்க போய் நில்லு."

"எதுக்கு?"

"நில்லுன்னா நில்லு."

லெஸ்லி போய் நின்றார். பெரில் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம். கல்லை மறைக்கறே."

அவர் நகர்ந்தார். மழைத் தண்ணீர் கழுத்து வழியாக முதுகில் இறங்கியது.

"குளிருது, பெரில்."

"பரவாயில்ல. படத்துல தெரியாது."

படம் எடுத்தாள். போனைக் கண்ணுக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். தள்ளிப் பிடித்தும் பார்த்தாள்.

"நல்லா வந்திருக்கா?" என்று கேட்டார் லெஸ்லி.

"வந்திருக்கு," என்றாள் பெரில். "ரெண்டுல கல்லு எதுன்னுதான் தெரியல."